ஏரிக்குள் விழுந்த முதல் புள்ளி

காலை எட்டு நாற்பது. கணினித் திரையில் முதலில் தெரிந்தது கடல். திரை முழுக்க நீலம், நடுவே கைக்குட்டை அளவு இடத்தில் பதினான்கு சிவப்புப் புள்ளிகள். கரை எந்தப் பக்கமும் தெரியவில்லை.

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண் முன்னால் சாய்ந்து பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். விடியற்காலையில் பூ மார்க்கெட்டில் சாமந்தியைப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். முந்தானையில் இரண்டு மஞ்சள் இதழ்கள் ஒட்டியிருந்தன.

"இது எந்த ஏரிம்மா?" என்று கேட்டார்.

"அரபிக் கடல்க்கா," என்றார் பொறியாளர்.

"எங்க நெலம் எங்க?"

"இப்போதைக்கு லட்சத்தீவுக்கு அந்தாண்ட இருக்கு. கொஞ்சம் இருங்க, கரைக்குக் கொண்டாந்துடலாம்."

பொறியாளர் என்று நான் சொல்வது எங்கள் அலுவலகத்தை நடத்தும் பெண்ணை. வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இரண்டு அறைகள், அதுதான் அலுவலகம். நிலம், கிணறு, சாலை, மனைப்பிரிவு எதுவானாலும் வரைபடம் போட்டுக் கொடுப்போம். கலெக்டர் அலுவலகம் பக்கத்திலேயே இருப்பதால் கீழே ஜெராக்ஸ் கடைக்குத் திங்கட்கிழமைகளில் மனு கொண்டுவருபவர்களின் கூட்டம் தாங்காது. படிக்கட்டில் ஏறி எங்களிடமும் பேனா கேட்பார்கள். அன்று திங்கட்கிழமை. எட்டரைக்குள் மூன்று பேனா போய்விட்டது.

எனக்கு அங்கே என்ன வேலை என்றால், பார்ப்பதுதான். பல வருடம் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவன். ஊருக்குத் திரும்பியபின் இந்த அலுவலகத்தில் அறிக்கைகளை எழுதுகிறேன், வரைபடத்தில் இருக்கும் எழுத்துகளைச் சரிபார்க்கிறேன். கோயில் பெயரில் துணைக்கால் விடுபட்டிருக்கிறதா, வடக்கு அம்பு வடக்கே பார்க்கிறதா, அளவுகோல் உண்மை சொல்கிறதா என்பவை என் பொறுப்பு. சேர்ந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் இருந்த ஒரே விஷயம், அன்று கடலில் மிதந்துகொண்டிருந்த அந்தச் சமாச்சாரம்தான்.

ஒரு இடத்துக்கு இரண்டு எண்கள். கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு. ஆனால் எங்கிருந்து, எந்த அளவில், பூமியை என்ன வடிவமாக எண்ணிக்கொண்டு அளந்தார்கள் என்பது கூடவே வரவேண்டும். அதைச் சொல்லாமல் எண்களை மட்டும் கொடுப்பது, ஊர் பெயரும் தேதியும் இல்லாமல் 'நேற்று இங்கே பலத்த மழை' என்று செய்தி அனுப்புவது போல. அப்படி வந்த செய்திகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கு மட்டும் அது தெளிவாக இருக்கும்.

பொறியாளர் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை. அவருக்குப் பொறுமை கம்மி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து நானே புரிந்துகொண்டதுதான். வண்டி எண்ணில் இருபத்தைந்து இருந்தால் எங்கள் மாவட்டத்து வண்டி என்று கண் தானாகச் சொல்லும் அல்லவா? அதேபோல எண்களின் நீளத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். எழுபத்தொன்பது, பன்னிரண்டு என்று சிறியதாக இருந்தால் அது பாகைக் கணக்கு, பள்ளிக்கூட அட்லஸில் இருப்பது. முதல் எண் இரண்டு லட்சத்துச் சொச்சமாகவும் மற்றது பதிமூன்று லட்சத்துச் சொச்சமாகவும் இருந்தால் அது மீட்டர் கணக்கு. முதல் எண் எண்பத்தெட்டு லட்சத்தைத் தொட்டால் யாரோ இணைய வரைபடத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

எண்களின் வரிசை மாறுவதும் உண்டு. ரமணாசிரமம் பக்கத்தில் காபிக் கடை வைத்திருக்கும் ஒருவர், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கச் சின்ன வரைபடம் ஒன்று போட்டுத் தரச் சொல்லித் தன் கடையின் எண்களை அனுப்பினார். அட்சரேகை இருக்கவேண்டிய இடத்தில் தீர்க்கரேகை இருந்தது. கடை நேராக வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேக்கும் மேலே உள்ள ஒரு பனித்தீவில் போய் உட்கார்ந்தது. திருவண்ணாமலையின் எண்களைத் திருப்பிப் போட்டால் அங்கேதான் போகும். கூப்பிட்டுக் காட்டினோம். அவர் வெள்ளைவெளேரென்ற அந்தத் திரையை ரசித்துப் பார்த்துவிட்டு, "ஐஸ் காபிக்கு ஐஸ் வாங்க வேணாம் போலருக்கே" என்றார்.

அன்றைய கடலுக்குக் காரணம் சாதாரணமானது. மீட்டர் கணக்கில் உலகத்தை அறுபது பட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையிலும் எண்கள் முதலிலிருந்து தொடங்கும். தெருவுக்குத் தெரு பன்னிரண்டாம் எண் வீடு இருப்பது போல. அதற்கு முந்தைய வாரம் நாங்கள் ஓசூர் பக்கத்து வேலை ஒன்றை முடித்திருந்தோம். ஓசூர் நாற்பத்து மூன்றாம் பட்டையில் இருக்கிறது, திருவண்ணாமலை நாற்பத்து நான்கில். மென்பொருள் பழைய நினைப்பிலேயே இருந்தது. திரையின் ஓரத்தில், புள்ளிகள் இருந்த அடுக்கின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி நின்றுகொண்டிருந்தது. எந்த முறை என்று யாரும் சொல்லவில்லை என்பதற்கான அடையாளம் அது. பொறியாளர் அதன்மேல் அழுத்தி நாற்பத்து நான்கை எடுத்தார்.

கடல் போனது. வயல், வரப்பு, ஓட்டு வீடு, ஒரு பெரிய ஏரி.

"ஐயோ, நம்ம ஊரு!" என்றார் அந்தப் பெண். எழுந்தே நின்றுவிட்டார். "இதோ கரை. இதோ மதகு. இது எங்க வீடு, புதுசா ஷீட் போட்டது பளபளன்னு தெரியுது பாருங்க."

பிறகு அவர் முகம் மாறியது.

"பாயிண்ட் எதுங்க?"

பதினான்காவது புள்ளிதான் பாயிண்ட், அதாவது போர் போடவேண்டிய இடம். பொறியாளர் அதைத் தொட்டுக் காட்டினார். தென்னை மரங்கள் வரிசையாக நின்ற ஒரு தோப்பின் நடுவில் இருந்தது.

"இது எங்க கொழுந்தனார் தோப்பு," என்றார் அவர். "நேத்தே அவரு போன்ல போட்டுப் பாத்துட்டுச் சிரிச்சாரு. நான்தான் போன் தப்பா காட்டுதுன்னு இங்க வந்தேன். இங்கயும் அதேதான காட்டுது."

விஷயம் இதுதான். செங்கம் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அவர்கள் ஊர். ஒன்றரை ஏக்கரில் சாமந்தி, மீதியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. கிணறு கோடையில் அடியைக் காட்டிவிட்டது. தண்ணீர் பார்ப்பதற்கென்று ஓய்வுபெற்ற நிலநீர் நிபுணர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் கம்பிகளை நட்டு, மின்சாரம் விட்டு, நிலத்தின் பல இடங்களில் பார்த்து, கடைசியில் ஒரு இடத்தில் சுண்ணாம்பு பூசிய கல்லை நட்டுவிட்டு, பதினான்கு இடங்களின் எண்களையும் கைபேசியில் அனுப்பிவிட்டுப் போனார். எந்த முறையில் அளந்தார் என்று எழுதவில்லை. நாற்பது வருடமாக ஒரே முறையில் அளப்பவருக்கு அது எழுதவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

அதற்குப் பிறகு டிராக்டர்காரர் மல்லாட்டைக்கு உழ வந்தார். கல் குறுக்கே இருந்தது. இறங்கி, அதைத் தூக்கி மரியாதையாக வரப்பில் வைத்துவிட்டு உழுதார்.

போர் வண்டி அன்று மாலை நான்கு மணிக்கு வருவதாக இருந்தது. திருச்செங்கோட்டு வண்டி. அந்தப் பக்கத்தில் நாலு ஊருக்குப் போட்டுக்கொண்டு வருகிறது. இன்று விட்டால் வடக்கே போய்விடும், திரும்ப எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதற்குள் ஆடி வந்துவிடும். ஆடியிலும் ஆவணியிலும் விற்கவேண்டிய பூ இப்போது மொட்டுவிடும் செடியில் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் ஒரு வாரத்துக்கு வந்தால் பெரிது.

நிபுணரைக் கேட்டால் தீர்ந்தது. ஆனால் அவர் முந்தைய இரவு அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு வரிசையாக நின்றன.

"கல்லு எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று கேட்டார் பொறியாளர்.

"தெரியாமயா? நல்லாத் தெரியும். பம்ப் ஷெட்டுப் பக்கமா இருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"எங்க வீட்டுக்காரரு வேப்பமரத்துப் பக்கமான்னு சொல்றாரு. அவருக்கும் நல்லாத் தெரியுமாம்."

இருவரும் ஆளுக்கொரு குச்சி நட்டிருந்தார்கள். போனமுறை போட்ட போர், கணவர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்துச் சொன்ன இடத்தில் போட்டது. புழுதியைத் தவிர ஒன்றும் வரவில்லை. அதனால் இந்தமுறை அவர் வார்த்தைக்கு வீட்டில் மதிப்பு கம்மி. ஆனாலும் குச்சியைப் பிடுங்க மறுக்கிறார்.

பொறியாளர் கணவரைக் கைபேசியில் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணே, அவரு அன்னைக்கு வந்ததுல இருந்து என்ன பண்ணாருன்னு வரிசையா சொல்லுங்க."

"வந்தாருங்க. டீ குடிச்சாரு. சர்க்கரை கம்மியா கேட்டாரு."

"மெஷினை எங்க ஆன் பண்ணாரு?"

"அதுவா? மொத மொத ஏரிக்கரைப் பிள்ளையாருக்குப் போனாரு. சூடம் ஏத்துனாரு. அங்கயே மெஷினை ஆன் பண்ணி ஒரு பாயிண்ட் எடுத்தாரு. எங்க போனாலும் அப்படித்தானாம். பிள்ளையார் கோயில்ல மொத பாயிண்ட் எடுக்காம வேலையை ஆரம்பிக்க மாட்டாராம்."

பொறியாளரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மளிகைச் சீட்டு எழுதினாலும் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுகிற ஊர் இது. நிபுணர் அதைத் தன் அளவைக் கோப்பில் போட்டிருக்கிறார். உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒரு கோப்பு இருக்குமா என்று தெரியவில்லை. எங்களுக்கு வேண்டியது சரியாக இதுதான். ஒரு புள்ளி உண்மையில் எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால், எந்த முறையில் அளந்தார்கள் என்பதைத் தேடிப் பிடித்துவிடலாம். ஒவ்வொரு முறையாகப் போட்டுப் பார்த்து, எதில் அந்தப் புள்ளி அதன் இடத்தில் உட்காருகிறதோ அதுதான்.

முதல் புள்ளியைத் தேடினோம். ஏரிக்குள் இருந்தது. செயற்கைக்கோள் படம் மழைக்குப் பிந்தைய மாதத்தில் எடுத்தது போலும், ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. புள்ளி கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, தண்ணீருக்கு நடுவே நின்றது.

"பிள்ளையாரைத் தண்ணியில எறக்கறது சதுர்த்தி கழிச்சுதானே," என்றார் அந்தப் பெண். "இப்பவே எறக்கிட்டீங்களே."

கரையில் கோயிலின் மேற்கூரை சிறியதாகத் தெரிந்தது. பக்கத்தில் அரசமரம். பொறியாளர் புள்ளியிலிருந்து கோயில்வரை கோடு இழுத்து அளந்தார். வடமேற்கே ஏறக்குறைய முந்நூறு மீட்டர். பதினான்காவது புள்ளியையும் அதே திசையில் அதே தூரம் கொண்டுபோனால் கொழுந்தனாரின் தோப்பைத் தாண்டி இவர்கள் நிலத்துக்கு வந்துவிடும்.

"அப்போ எல்லாத்தையும் அப்படியே இழுத்து வெச்சிடலாமே," என்றேன்.

பொறியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், நீங்க பேப்பர்ல இருக்கும்போது போட்டோ தப்பா இருந்தா ஆளைக் கத்தரிச்சு நகத்தி ஒட்டுவீங்களா?"

அந்தக் காலத்தில் சில பேர் ஒட்டியிருக்கிறார்கள். அதை நான் சொல்லவில்லை.

அவர் சொன்னது சரிதான். பிள்ளையாருக்கு முன்னால் எத்தனை அடி தள்ளி நின்று அளந்தார் என்று நமக்குத் தெரியாது. கண்ணால் பார்த்து இழுத்தால் அந்தத் தப்பு எல்லாப் புள்ளிகளுக்கும் போகும். காரணத்தைக் கண்டுபிடித்தால் இழுக்கவே வேண்டாம். எண்களைத் தொடாமல் முறையின் பெயரை மட்டும் மாற்றினால், புள்ளிகள் தாமாகப் போய் நிற்கும். மென்பொருளில் இதற்கும் இன்னொரு வேலைக்கும் அடுத்தடுத்துப் பொத்தான்கள் இருக்கும். ஒன்று, இந்த எண்கள் இந்த முறையில் எடுத்தவை என்று அறிவிப்பது. மற்றது, எண்களையே வேறு முறைக்கு மாற்றி எழுதுவது. முதலாவது படத்துக்குக் கீழே தப்பாகப் போட்ட பெயரைத் திருத்துவது. இரண்டாவது படத்தையே திரும்ப எடுப்பது. சேர்ந்த புதிதில் நான் இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

"அக்கா, அவரு கையில மேப் ஏதாச்சும் வெச்சிருந்தாரா?" என்று கேட்டார் பொறியாளர்.

"வெச்சிருந்தாரே. பழசு. பின்னாடி துணி ஒட்டி, மடிச்சு மடிச்சு நூலு நூலா வந்துடுச்சு. காத்துல பறக்கும்னு என்னைத்தான் ஒரு முனையைப் புடிக்கச் சொன்னாரு. கை வலிச்சே போச்சு."

பொறியாளர் மேசையைத் தட்டினார்.

"பழைய ஷீட்டு! மெஷினையும் அந்த ஷீட்டுக்குத் தக்கபடி வெச்சிருக்காரு மனுஷன்."

இதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சங்கிலி போட்டு அளந்தவர்கள், பூமி இவ்வளவு பெரியது, இவ்வளவு தட்டையானது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். இந்த நாட்டுக்கு அது நன்றாகவே பொருந்தியது. பழைய நிலவரைபடத் தாள்கள் எல்லாம் அந்தக் கணக்கில் போட்டவை. செயற்கைக்கோள் வந்தபின் உலகம் முழுவதற்கும் ஒரே கணக்கு வந்தது. கைபேசியில் இருப்பது அதுதான். இரண்டும் தனித்தனியே சரி. ஆனால் ஒன்றின் எண்ணை மற்றதில் வைத்தால் எங்கள் பக்கத்தில் முந்நூறு மீட்டர் தள்ளிப்போகும். இடத்தின் எண்களைக் காட்டும் ஜி.பி.எஸ். கைக்கருவியில் எந்தக் கணக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பழைய தாளோடு ஒத்துப்போகவேண்டும் என்று நினைப்பவர் பழைய கணக்கைத்தான் வைப்பார்.

பொறியாளர் முறைகளின் பட்டியலைத் திறந்தார். ஆயிரக்கணக்கில் இருக்கும் பட்டியல் அது. இந்தியாவுக்கென்று வடிகட்டினார். அப்போதும் ஒரு திரை நிறைய இருந்தது. பழைய கணக்கு, நாற்பத்து நான்காம் பட்டை என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

பதினான்கு புள்ளிகளும் ஒரே நேரத்தில் வடமேற்கே குதித்தன. முதல் புள்ளி ஏரியிலிருந்து கரையேறி அரசமரத்தடிக்கு வந்து நின்றது. கோயிலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகும் அகலம்தான் இருந்தது. பதினான்காவது புள்ளி இவர்கள் நிலத்தில், உழுத மண்ணில் நின்றது.

"பிள்ளையாரப்பா!" என்று அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரையைப் பார்த்துத்தான் போட்டுக்கொண்டார்.

எனக்குத் திருப்தி இல்லை. ஒருவர் சொன்னதை வைத்து மட்டும் செய்தி போடக்கூடாது, இன்னொரு இடத்திலிருந்தும் உறுதிசெய்யவேண்டும் என்பது மேசையில் உட்கார்ந்த வருடங்களில் உடம்பில் ஊறிவிட்டது. பிள்ளையார் ஒரு சாட்சி. இரண்டாவது யார் என்று கேட்டேன். பொறியாளர் கணவரைத் திரும்பக் கூப்பிட்டார்.

"அண்ணே, பிள்ளையாருக்கு அப்புறம் எங்க எடுத்தாரு?"

"கெணத்து மேட்டுல. உள்ள எட்டிப் பாத்து உச்சுக் கொட்டுனாரு. அதை ஏங்க கேக்கறீங்க?"

படத்தில் கிணறு கறுப்புச் சதுரமாகத் தெரிந்தது. இரண்டாவது புள்ளி அதன் வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது.

"இப்ப போட்டுக்கலாமா, எடிட்டர் சார்?" என்றார் பொறியாளர்.

போட்டுக்கலாம் என்றேன். கேள்விக்குறி மறைந்திருந்தது.

கையில் இருந்த வேலைகளை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு இரண்டு வண்டிகளில் கிளம்பினோம். பொறியாளர் ஸ்கூட்டியில், பின்னால் அந்தப் பெண். என் வண்டியில் கைக்கருவியும் அளவு டேப்பும். செங்கம் சாலையில் காவி வேட்டிகளும் தொளதொளத்த பருத்திக் கால்சட்டைகளும் வழக்கம்போலக் குறுக்கே நடந்தன. ஊர் தாண்டியதும் மலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

நிலத்தில் கணவர் தன் குச்சிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வெயிலுக்குத்தான் குடை; ஆனால் பார்ப்பதற்குக் குச்சிக்குக் காவல் போல இருந்தது. அவரைப் பார்த்ததும் மனைவி ஸ்கூட்டியிலிருந்து இறங்கி வேகமாக நடந்துபோய்த் தன் குச்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"மேப்புல பாத்துட்டியா? என்ன சொல்லுது?" என்று கணவர் அங்கிருந்தே கத்தினார்.

"நீங்க சொன்னதைச் சொல்லல!"

"நீ சொன்னதைச் சொல்லுச்சா?"

"மெஷின் வந்திருக்குல்ல, அது சொல்லும். போன போரு யாரு சொன்ன எடத்துல போட்டோம்? நல்லா வந்துச்சு, புழுதி."

வரப்பில், சுண்ணாம்புக் கல்லின்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர் சிரித்தார். அவர்தான் கொழுந்தனார். "அண்ணி, எதுக்கு இவ்ளோ கஷ்டம்? சாட்டிலைட்டே எங்க தோப்புலதான் தண்ணின்னு சொல்லிடுச்சு. நான் வேணா ஒரு கொடம் தரேன்."

"நீ மொதல்ல அந்தக் கல்லுல இருந்து எழுந்திரு தம்பி. ஒன்னாலதான் எல்லாம்."

"நான் இன்னா பண்ணேன்? டிராக்டர்காரன் பண்ணதுக்கு நானா பொறுப்பு?"

"டிராக்டரு யாருது?"

கொழுந்தனார் கடலைத்தோலை ஊதினார். டிராக்டர் அவருடையது.

பொறியாளர் கைக்கருவியைப் பழைய கணக்குக்கு மாற்றி, பதினான்காவது எண்ணைக் கொடுத்து, அம்பு காட்டும் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால். உழுத மண்ணில் கால் புதைந்தது. கணவர் குடையோடு தன் இடத்திலிருந்து நகராமல் பார்த்தார். அம்பு முதலில் வேப்பமரத்துப் பக்கம் போனது, அவர் நிமிர்ந்தார். பிறகு பம்ப் ஷெட்டுப் பக்கம் திரும்பியது. மனைவி இடுப்பில் கைவைத்தார். பிறகு இரண்டுக்கும் நடுவே நின்று, தூரம் பூஜ்யம் என்றது.

"இந்தக் கருவிக்கே நாலஞ்சு மீட்டர் முன்னபின்ன இருக்கும்," என்றார் பொறியாளர். "கொஞ்சம் நிக்கலாம்." நின்றோம். எண்கள் ஊசலாடி அடங்கின. செருப்பால் ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள் கணவர் குனிந்து மண்ணைக் கிளறினார். உழவில் புரண்ட கட்டிகளுக்கு நடுவே வெள்ளையாகச் சுண்ணாம்புத் துணுக்குகள் கொஞ்சம் கிடைத்தன. உள்ளங்கையில் வைத்து மனைவியிடம் காட்டினார்.

"நான் சொல்லல? இங்கதான்."

"நீங்க எங்க சொன்னீங்க? நான் சொன்னது."

நான்கு மணிக்கு வரவேண்டிய வண்டி ஐந்தேகாலுக்கு வந்தது. இரண்டு லாரிகள், ஒன்றில் துளைபோடும் இயந்திரம், மற்றதில் காற்றழுத்த இயந்திரம். முதலில் இறங்கியவர் மேனேஜர். "பாயிண்ட் எங்கீங்க? சீக்கிரம் காட்டுங்க, அடுத்து போளூர்ல ஒண்ணு இருக்குதுங்க." இரண்டு குச்சிகளையும் பார்த்தார். "ரெண்டு போருங்களா?"

"ஒன்னுதாங்க," என்று கணவனும் மனைவியும் சேர்ந்து சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் இடம் அது.

சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழம் வைத்து ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. செம்மண் வந்தது, பிறகு சரளை, பிறகு பாறை. வெள்ளைப் புழுதி எழுந்து எல்லார் தலையிலும் படிந்தது. அரைமணி நேரத்தில் நாங்கள் அனைவரும் ஒரே வயதுக்காரர்களாகிவிட்டோம். கம்பிமேல் கம்பியாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள். கணவர் கம்பிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். மனைவி எண்ணவே இல்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, புழுதியின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனமுறை கடைசிவரை இதே நிறம்தான் என்று பின்னால் என்னிடம் சொன்னார். கொழுந்தனாரும் கடலை தின்பதை நிறுத்தியிருந்தார்.

புழுதி மெல்லக் கறுத்தது. பிறகு புழுதியாக எழாமல் சேறாகத் தெறித்தது. இயக்குபவர் கையை உயர்த்தி ஏதோ சைகை செய்தார். அடுத்த கம்பியில், பக்கத்து வேப்பமரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டு வந்தது. சேற்று நிறம், ஆனால் தண்ணீர்.

முதலில் ஓடியவர் கொழுந்தனார். சட்டையோடு போய் அதன் கீழே நின்று, தலையைத் தேய்த்துக்கொண்டு கத்தினார்: "அண்ணி! எங்க தோப்புத் தண்ணிதான்! அடியில ஓடி வந்திருக்கு!"

"வந்தா வரட்டும், நான் திருப்பி அனுப்ப மாட்டேன்!" என்றார் அண்ணி. அவர் அழுகிறாரா, முகத்தில் தெறித்த தண்ணீரா என்று சேற்றில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கணவர் குடையை விரித்து மனைவிக்குப் பிடித்தார். அவர் அதைத் தட்டிவிட்டார்.

மறுநாள் காலை நிபுணரின் கைபேசி அமெரிக்காவில் உயிர்பெற்றது. எங்கள் கேள்விகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே பதில்: 'பழைய ஷீட் கணக்குதான். வேறு எதில் எடுப்பார்கள்? முதல் பாயிண்ட் அரசமரத்தடி, செருப்பு விட்ட இடம். ஊற்று எப்படி?'

பொறியாளர் அந்தக் கோப்பில் எந்த முறை என்பதை எழுதிச் சேர்த்து அவருக்கே திருப்பி அனுப்பினார். அவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். ஊர் திரும்பியபின் அவர் அனுப்பிய அடுத்த கோப்பிலும் முறை எழுதப்பட்டிருக்கவில்லை. முதல் புள்ளி போளூர் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் இருந்தது. முறையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை நிமிடம்தான் ஆனது.

போர் போட்டு இரண்டு வாரம் கழித்து, அச்சிட்ட வரைபடத்தைக் கொடுக்கப் போனேன். குழாய் இறக்கி, மோட்டார் மாட்டி, சுற்றிலும் சிமெண்டு போட்டிருந்தார்கள். சாமந்திப் பாத்தியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு குச்சிகளும் நட்டபடியே நின்றன. மல்லாட்டை அவற்றைச் சுற்றி முளைத்திருந்தது. யார் சொன்னது கிட்டத்தில் இருந்தது என்று அளந்து சொல்லச் சொன்னார்கள். மோர் கொடுத்துவிட்டு, இருவரும் டேப்பின் ஆளுக்கொரு பக்கமாக வந்து நின்றார்கள்.

குழாயிலிருந்து வேப்பமரத்துப் பக்கக் குச்சி இருபத்தாறு அடி. பம்ப் ஷெட்டுப் பக்கக் குச்சியும் இருபத்தாறு அடி.